போட்டியில்லாத தங்கம்

நேற்று சாயங்காலம் மில்லர்புரத்தில் ஒரு புரோட்டாக் கடையைத் தாண்டும்போது சால்னா வாசனை மூக்கைத் துளைத்தது. வேறு யாராக இருந்தாலும் நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்குச் செல்வின்மேல் கோபம் வந்தது. அவனை நேரில் பார்த்தே பல வருஷமாகிறது.

அப்போது செல்வினும் நானும் துறைமுகத்துப் பக்கம் ஒரே கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாக்கள். வேலை முடிந்தால் ஒரே ஜிம். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கி, மறுபடி மேலே தள்ள வேண்டும். பெஞ்ச் பிரஸ் என்பது அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டித் தூக்குகிற எடையை அவன் டீ குடித்துவிட்டு வந்து, ஆபீஸ் பேன்ட்டோடு தூக்குவான். உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்தபடி கைகொடுப்பேன்.

கயத்தாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி என்றார்கள். இருவருக்கும் அதுதான் முதல் போட்டி. உடம்பு எடையை வைத்துப் பிரிவு. இருவருமே அறுபத்தாறு கிலோப் பிரிவுக்குத்தான் சரி. அவன் இருக்கிற பிரிவில் எனக்கு ஏது முதலிடம்? பேசாமல் ஐம்பத்தொன்பதுக்கு இறங்கிவிடத் தீர்மானித்தேன்.

சோற்றை விட்டேன். உச்சிவெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடற்கரையோரம் ஓடினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏஜென்சியின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி எடை பார்த்துக்கொள்வேன். செல்வினோ என்னைப் புரோட்டாக் கடைக்கு இழுத்துப் போய், என் கண் முன்னாலேயே பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைப்பான்.

“ஒண்ணே ஒண்ணு தின்னுலே. செத்துரவா போற?”

“வேண்டாம்லே, வயிறு சரியில்ல.”

போட்டியன்று எடை சரியாக இருந்தது. என் பிரிவில் வேறு யாரெல்லாம் என்று விசாரித்தேன். மேஜையில் இருந்த அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அதுல நீங்க ஒருத்தர்தான் தம்பி. எதையாவது தூக்கிட்டு எறங்குங்க, தங்கம் ஒங்களுக்குத்தான்.”

பட்டினி கிடந்ததில், ஜிம்மில் தூக்குவதைவிடக் குறைவாகத்தான் தூக்கினேன். கைதட்டியது செல்வின் மட்டும்தான், அதுவும் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் அவன் பிரிவு. ஏகப்பட்ட பேர். கடைசி முறை அவன் கம்பியைத் தள்ளியபோது முன்பின் தெரியாதவர்களெல்லாம் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். அவனுக்கு மூன்றாம் இடம். கழுத்தில் தங்கத்தைப் போட்டுக்கொண்டு வெண்கலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஜிம் இப்போது செல்போன் கடை. ஏஜென்சியையும் மூடியாயிற்று. செல்வின் மஸ்கட்டில் இருக்கிறான், தொப்பை போட்டுவிட்டது. நான்தான் விடவில்லை. போன மாதம், அவன் அன்று தூக்கிய அதே எடையைத் தூக்கிவிட்டேன். வியர்வையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டேன்.

“ஏலே, கயத்தாறுல நீ தூக்குனத இன்னைக்கு நான் தூக்கிட்டேன்.”

“அப்படியா மக்கா! சூப்பர்லே. ஆமா, நான் எவ்வளவு தூக்குனேன்?”

சொன்னேன். சந்தோஷமாகச் சிரித்தான். இத்தனை வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்திய அந்த எண் அவனிடமிருந்து எப்போதோ காணாமல் போயிருக்கிறது. கொடுத்துவைத்தவன்.