பெயரை அழிக்கச் சம்மதிக்காத ஜெஸி

ஜெஸி போய்விட்டாள் என்று செய்தி வந்தபோது நான் கோட்டாறில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பையை நீட்டியபடியே நின்றார். அவள் ஊரான கருங்கலில் அடக்கம் முடிந்து திரும்பும்போதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. சாகிற வயதா அது?

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் கட்டற்ற மென்பொருளை நாங்கள் இருவரும் எழுதியது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். எழுதியவர்களின் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. சொற்களை ஒலிகளாகப் பிரிக்கும் பகுதி எங்களுடையதல்ல. முகமறியாத ஒருவர் எழுதி, அதே நிபந்தனையோடு பொதுவில் விட்டிருந்த நிரல் அது.

ஒரு நிறுவனம் எங்கள் மென்பொருளை வாங்க வந்தது. முழுவதற்கும் பதிப்புரிமை எங்களுடையது என்று நாங்கள் கையெழுத்திட வேண்டுமாம்.

"அந்த ஆள் பேரை எடுத்துடுங்க மேடம். யார் பார்க்கப் போறாங்க?" என்றார் வந்தவர்.

"நான் பாத்தாச்சே" என்றாள் ஜெஸி. "நிரலை எடுத்துக்கிட அவரு சம்மதிச்சாரு. அதுக்காக அது எனக்க சொத்து ஆயிருமா?"

பேருந்தில் நான் அவளோடு சண்டை போட்டேன். அவள் அசையவில்லை. "ஏட்டி, இன்னைக்கு அவருக்க பேரை நாம அழிச்சா, நாளைக்கு நம்ம பேரை ஒருத்தன் அழிக்கும்போ எந்த வாயால கேப்ப?"

நாங்கள் மறுத்த பிறகு அந்த நிறுவனத்தார் அழித்தார்கள். எல்லாப் பெயர்களையும் நீக்கிவிட்டு, தங்கள் படைப்பு என்று ஒரு கல்லூரியில் வெளியிட்டார்கள். சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி சுற்றிக்கொண்டு ஜெஸி போனாள். நானும் கூடப் போனேன். கூட்டத்தின் நடுவில் எழுந்து, "சுசீந்திரம்னு டைப் அடிங்க" என்றாள். அடித்தார்கள். "சுச்சீந்திரம்" என்றது கருவி. எங்களால் திருத்த முடியாமல் போன பிழை அது. தினமும் அதைக் கேட்டுப் பழகிய பார்வையற்ற மாணவர்கள் பின்வரிசையில் வெடித்துச் சிரித்தார்கள்.

"தப்பைக்கூட சொந்தமா செய்யத் தெரியல்லியா?" என்று கேட்டாள் ஜெஸி. பிறகு பெயர்கள் திரும்ப வந்தன. முதலில் அந்த முகமறியாதவர் பெயர், அது அவள் வற்புறுத்தல்.

போன வாரம் வேறொரு நிறுவனத்துக்காரர் மென்பொருளை விலைக்குக் கேட்டு அழைத்தார். ஜெஸி மேடம்தான் இறந்துவிட்டாரே, இனி உங்கள் கையெழுத்து மட்டும் போதுமே என்றார். ஜெஸியின் பங்கு இப்போது அவள் மகளுடையது. முகமறியாதவரின் பங்கு அவருடையது. இதையெல்லாம் விளக்கியிருக்கலாம், விளக்கவில்லை. குரலை உயர்த்தாமல் "முடியாது" என்று சொல்லும் திமிரைத்தான் அவளிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சொன்னேன்.