தொட்டில் சேலை

என் மகளுக்கு மூன்று மாதம் ஆனதும் நான் மறுபடி மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரின் அக்கா வந்து சேர்ந்தார். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். அவருக்குப் பிள்ளை இல்லை. வந்த அன்றைக்கே, "பால் கட்டிக்கும் அம்மணி, ஷிப்ட்டுல நின்னுக்கிட்டு என்ன பண்ணுவ?" என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டி, என் பாலை வற்ற வைத்தார். நல்லதுக்குத்தான் செய்தார். ஆனாலும் அந்தப் பூவை நான் மன்னிக்கவில்லை.

பத்தாம் மாதம் கொடுமுடியில் மொட்டையடித்துக் காது குத்தினோம். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து வீறிட்ட பிள்ளையைத் தூக்க நான் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, என்னைத் தாண்டி நங்கையாவிடம் தாவினாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நங்கையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்துப்போட்டா ஆச்சுங்களா? யாருகிட்ட வருதுன்னு பாருங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். இருக்கட்டும், எனக்கும் ஒரு காலம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. வீட்டில் தொட்டில் கட்டியிருந்தது நங்கையாவின் பழைய நூல் சேலையில். அதைத் துவைக்கவே விடமாட்டார். "துவைச்சுப்போட்டா தூங்க மாட்டா அம்மணி, என்ற மேலு வாசம் வேணும் அவளுக்கு" என்று பெருமையாகச் சொல்வார். உறவில் ஒரு கல்யாணத்துக்கு அவர் அந்தியூர் போன அன்று அதை அவிழ்த்தேன். சோடா போட்டு வேகவைத்துத் துவைத்தேன். மனம் ஆறவில்லை. துண்டு துண்டாகக் கிழித்துக் கரித்துணியாக அடுப்படியில் போட்டேன். தொட்டிலுக்கு என் சேலையைக் கட்டினேன். பிள்ளை இரண்டு நாள் தூங்காமல் கத்தினாள். என் வீட்டுக்காரர் திட்டினார். நான் அசையவில்லை.

நங்கையா திரும்பி வந்ததும் காபி கொடுத்து உட்கார வைத்தேன். "எத்தனை நாளைக்குத்தான் எங்களுக்காகச் சிரமப்படுவீங்க? மில்லுலயே பிள்ளைங்களைப் பார்த்துக்கறாங்களாமுங்க. நீங்க ஊருக்குப் போயி நிம்மதியா இருங்க நங்கையா" என்றேன். எங்கள் ஊரில் கத்தியைக்கூட 'ங்க' போட்டுத்தான் இறக்குவோம். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். கரித்துணியில் தன் சேலையின் கரை தெரிந்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே பிள்ளை தவழ்ந்து போனாள். நான் கதவைத் தாழ் போட்டேன்.

ஒரு வாரம் அந்தக் கதவுக்கு நேரே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் அழுகை நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து மனசு கேட்காமல் நங்கையா வந்தார். வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "கண்ணு, அத்தைகிட்ட வா சாமி" என்று இரண்டு கையையும் நீட்டினார். ஒரு பாத்திர மூடியைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து, கேஸ் சிலிண்டர் போடுகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மறுபடி மூடியைத் தட்டத் தொடங்கினாள். நங்கையாவின் கை அப்படியே நின்றது. "குழந்தைங்கன்னா அப்படித்தானுங்க, மறந்துரும்" என்றேன். அன்றைக்கு அவர் போனதும் நான் குடித்த காபியின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மில் காப்பகத்துக்குப் போனேன். மற்ற பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் அழுதுகொண்டு ஓடி வந்து சேலையைப் பிடித்துத் தொங்கின. ஆயா என்னிடம், "உங்க பாப்பா தங்கமுங்க. யாரு தூக்குனாலும் போகுது. நீங்க உட்டுட்டுப் போறப்பக்கூட அழுகறதில்லீங்க" என்றார்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வா கண்ணு" என்று கை நீட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் நங்கையாவைப் பார்த்த அதே பார்வை. பிறகு குனிந்து கையிலிருந்த கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவளாக வரவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.