அவர் நிரப்பிய டீசல்

இன்று பென்னலூர் மெக்கானிக் வந்து காரைப் பார்த்தார். சாவியைத் திருப்பிவிட்டு, பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டார். அதற்கடியில் இருக்கும் டேங்க்கிலிருந்து பம்ப் ஓடும் சத்தம் வரவே இல்லை.

கழற்றிக் காட்டினார். பம்ப் முழுக்கப் பிசின் மாதிரி அப்பிக் கிடந்தது.

"ஃபுல் டேங்க் போட்டுட்டு ஏன்க்கா வருஷக்கணக்கா ஓட்டாமயே வச்சிருந்தீங்க? டீசல் கெட்டுப்போய் பம்ப்பு பிடிச்சிக்கினு கீது."

என் கணவர் நிரப்பியது அது. "நாளைக்கு ஆஃப், எங்கனா போலாம்" என்று சொல்லிவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினார். காலையில் அவர் வரவில்லை, ஃபோன்தான் வந்தது.

அந்த டீசலைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"மொத்தத்தையும் வடிச்சிடணும்க்கா."

தலையாட்டினேன். இப்போது வாசலில் வரிசையாகக் கேன்கள் நிற்கின்றன.

கெட்டுப்போன டீசலை என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொட்டிவிடு என்பவர்கள் மட்டும் வர வேண்டாம்.