துர்சுன் பெயர் கொண்ட பூச்சி

துருக்கியின் எர்சுரும் மலையில், முட்செடித் தண்டில் ஒட்டியிருந்த அந்தச் செதில்பூச்சியை முதலில் பார்த்தவர் மினிபஸ் டிரைவர் துர்சுன்தான். கம்பளித் துணியில் தைத்த பை போன்ற வெள்ளை உறைக்குள் அது கிடந்தது. அவர் வண்டியில் பூச்சி தேடி வந்த ஆய்வாளர் நூர்தென் அதற்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் முதுகு முட்களை எண்ணினாள். தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம் என்று அறிவித்து, துர்சுனின் பெயரையே வைத்தாள்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது முழுதாக வளராத பெண்பூச்சி. வளர்ந்தால் மிச்ச முட்களும் வந்துவிடும். ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம்தான். அந்தப் புதுப் பெயர் செல்லாது என்று அவளே ஆய்விதழில் எழுதினாள். சக ஆய்வாளர்கள் அவள் நேர்மையை மெச்சினார்கள். அச்சில் நேர்மையாக இருப்பதற்கு என்ன, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இன்று துர்சுனிடம் சொல்லத்தான் வந்தாள். மற்ற டிரைவர்கள் வண்டியின் பின்னால் காதல் வரி எழுதும் இடத்தில், அவர் அந்தப் பூச்சியை வரைந்து வைத்திருந்தார்.

"வாம்மா டீச்சரம்மா! ஸ்டாண்டுல எல்லாப் பயலும் என்னைப் பூச்சின்னுதான் கூப்பிடுறான். கூப்பிடட்டுமே! புள்ளகுட்டி இல்லாதவன், எனக்கப்புறம் பேர் சொல்ல அது ஒண்ணு இருக்குல்ல?" டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார். "நல்லா இருக்காம்மா அது?"

பைக்குள் இருந்த ஆய்விதழை அவள் வெளியே எடுக்கவில்லை. கூனிக் குறுகிப்போய், "நல்லா இருக்கு மாமா" என்றாள்.

"அப்ப ஏறு வண்டியில. இந்தத் தடவை கிடைக்கிறதுக்கு உன் பேரை வைப்போம்."