ஆளுக்கு ஒரு துண்டு

போன வாரம் வேறு மாட்டுப் பாலில் டீ போட்டேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்துக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டு அடுப்பில் வெளிப் பால் ஏறியதில்லை. கறவை வற்றின மாதங்களில் கறுப்பு டீதான். அப்படி ஒரு வீம்பு. கொட்டகையில் கடைசியாக நின்றவள் ரோசி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும் — துணிக்கடை பொம்மையின் புடவையைத் தின்றவள்.

புடவையைத் தின்னாமல் என்ன செய்வாள்? புல் எங்கே இருக்கிறது? சுற்றி எல்லாம் அபார்ட்மென்ட்.

மாட்டு டாக்டர் — சின்னப் பெண் — ஒரு பொட்டலம் விதை கொடுத்தாள். "தீவன பீட்ரூட் ஆயா. போட்டுப் பாருங்க. கொஞ்சம் எடத்துல நெறைய வரும்." பொட்டலத்தில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்ததில் பாதி புரியவில்லை. புரிந்தவரை செய்தேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. சொந்தக்காரர் பிரான்ஸில். குப்பை விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி சாவியை என்னிடம் விட்டிருக்கிறார். ஐப்பசியில் அங்கே மண்ணை மேடாக அணைத்து விதை ஊன்றினேன். இந்த விதை ஒரு தினுசு... ஒன்று போட்டால் இரண்டு மூன்றாக முளைக்கிறது. நல்லதை விட்டு மற்றதைப் பிடுங்கிப் போட வேண்டுமாம். எனக்குக் கை வரவில்லை. பச்சையாக நிற்பதை எப்படிப் பிடுங்குவது?

பக்கத்து வீட்டுத் தெரேஸ் மதாம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா தனம், மாட்டுக்கு சாலட் போடறியா? கலைச்சி வுடு. இதுக்கு பிரெஞ்சுல பெத்தராவ். துலூஸ்ல எம்பொண்ணு வீட்டாண்ட காடு காடா கெடக்கும்."

"நீ மாடு மேய்க்கவா போன துலூஸுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் உள்ளே போனதும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிட்டேன்.

புயல் மழை வந்தது. தண்ணீர் நின்றது. செத்தது என்று நினைத்தேன். சாகவில்லை. மார்கழியில் ஒவ்வொரு கிழங்கும் பாதி உடம்பை மண்ணுக்கு வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. நம் சமையல் பீட்ரூட் மாதிரி சிவப்பு இல்லை, வெளுத்த மஞ்சள். சிலது கைக்குழந்தை கனம்.

டாக்டர் பெண் வந்து பார்த்தாள். "தை கடைசியில எடுங்க. புடுங்கின ஒடனே குடுத்துடாதீங்க. மூணு நாள் நெழல்ல வாடணும். மொதல்ல ஒரு பிடி, அதுவும் வைக்கோலோட. அப்புறம் மெள்ள ஏத்தலாம். சக்கரை ஜாஸ்தி ஆயா, வயிறு தாங்காது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன்.

தை கடைசி வரை பொறுக்கவில்லை. பொங்கலன்றே பாதியைப் பிடுங்கிவிட்டேன். ரோசிக்குக் கொடுக்க அல்ல — தெரு பார்க்க. இந்த வயதில் தனியாக நின்று விளைய வைத்திருக்கிறேன், பார்க்க வேண்டாமா? கழுவி, வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் குவித்து வைத்தேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். தெருவிலே மிச்சமிருந்த ஒரே மாடு ரோசி. குளிப்பாட்டி, கொம்புக்கு நீலம் பூசி வாசலில் கட்டினால் எல்லோரும் வருவார்கள். பொங்கல் ஊட்டுவார்கள், பழம் கொடுப்பார்கள், தொட்டுக் கும்பிடுவார்கள். தெரேஸ் மதாமும் கும்பிடுவாள் — சிலுவை போட்டு.

இந்த வருஷம் பழத்தோடு கிழங்கும் இருந்தது. யாரோ கத்தி கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. ரோசி நாக்கை நீட்டி நீட்டி வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் வந்தது. டாக்டர் சொன்ன ஒரு பிடி எங்கேயோ போய்விட்டது. "போதும்பா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து முன்னால் நின்றவள் வள்ளி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். பின் தெருவில் இருக்கிறாள். இந்தத் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இடுப்பில் பிள்ளை, பிள்ளை கையில் துண்டு.

பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"ஏன் ஆயா? எல்லாரும்தான குடுத்தாங்க. எங்க கையால தின்னா ரோசிக்கு ஆவாதா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் தெருவுக்கே கேட்டது.

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? கிழங்குதான் ஆகாது, உன் கை இல்லை... அவ்வளவுதானே? சொன்னால் நம்புவாளா? அதுவரை எல்லோர் கைக்கும் ஆனது, தன் முறை வந்ததும் ஆகாமல் போய்விட்டது என்றுதானே தோன்றும்? எத்தனை வாசலில் என்னென்ன கேட்டுவிட்டு வந்தவளோ.

"அடி போடி! குடு" என்றேன். "ஒண்ணு இல்ல, ரெண்டா குடு."

அதற்கப்புறம் வந்தவர்களிடம் எந்த வாயால் போதும் என்பது?

சாயங்காலம் ரோசி அசை போடவில்லை. சாணி தண்ணீராய்ப் போனது. புளித்த மாவு வாடை. மறுநாள் காலையில் டாக்டர் பெண் லீவை விட்டு ஓடி வந்தாள். ஊசி போட்டாள். சோடா உப்பு கரைத்து ஊற்றினாள். ரோசி தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டாள்.

"எவ்ளோ குடுத்தீங்க ஆயா?"

வாசலைப் பார்த்தேன். காணும் பொங்கல் அல்லவா, தெருவில் எல்லோரும் பீச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ரோசியை எடுத்துப்போக வண்டி வருவதற்குள் மாலை வாங்கிவந்து போட்டவள் வள்ளி. அதிகமாக அழுதவளும் அவள்தான்.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சி... இன்னா ஆச்சி ஆயா?"

"வயசாச்சி" என்றேன்.

தெரேஸ் மதாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் ஒரு துண்டு கொடுத்தவள்தான்.

மீதிக் கிழங்கு மனையில் பெருத்துக்கொண்டே இருந்தது. ரோசி செத்தது அதற்கு எப்படித் தெரியும்? தை கடைசியில் நானே பிடுங்கினேன். மூன்று நாள் நிழலில் வாட விட்டேன். எல்லாம் சொன்னபடி. தின்ன ஆளில்லாதபோது சொன்னபடி செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அரியாங்குப்பத்துப் பால்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். ஏற்றும்போது சொன்னேன். "ஒரு பிடிதான். வைக்கோலோட. யார் வந்து நின்னாலும் அவ்ளோதான்."

"சரி ஆயா."

வண்டி கிளம்பியது. பின்னாலேயே போய் இன்னொரு தரம் சொன்னேன்.

அவர்தான் போன வாரம் ஒரு சொம்பு பால் கொண்டுவந்து வைத்தார். "உங்க கெழங்கு தின்ன பால் ஆயா." இத்தனை வருஷ வீம்பு... வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அது வராதே.

டீ போட்டேன். வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த வள்ளியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து குடித்தாள்.

"ரோசி பால் மாதிரியே இருக்கு ஆயா."

"ஆமா" என்றேன். காலியான டம்ளரில் மறுபடி ஊற்றினேன். விளிம்புக்கு வந்தும் சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

"போதும் ஆயா, போதும்!"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.