வருகைப் பதிவேடு இல்லாத கூட்டம்

மைசூரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று முகம் தெரியாதவர் ஏன் விசாரிக்க வேண்டும்? ரயில்வே வேலைக்காக ஈரோட்டை விட்டு வந்து பதினோரு வருடமாகியும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஆனால் என் தம்பி சேகர் ஞாயிறுதோறும் போய்வந்த கூட்டத்தில் யாரும் எதையுமே கேட்பதில்லை என்று அறிந்தபோது சந்தேகம் இரட்டிப்பானது. தகப்பனார் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். வருகைப் பதிவேடு கிடையாது. டாக்டரும் கிடையாது. போதை மருந்தை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் ஒரு பள்ளிக்கூட அறையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். மருந்து கைமாற இதைவிட வசதியான இடம் உண்டா?

லாரி மோதிக் கால் முறிந்தபோது சேகருக்குப் போட்ட வலி ஊசி, எலும்பு கூடிய பிறகும் அவனை விடவில்லை. ஈரோட்டில் அப்பா அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். ஒன்பது நாள் தாங்கியது. பிறகு ஊர் வாய்க்குப் பயந்து என்னிடம் அனுப்பிவிட்டார். நான் சத்தியம் கேட்கவில்லை; டைரி எழுதினேன். அவன் வீடு திரும்பிய நேரம், கண்ணின் நிறம், பையில் இருந்தவை.

குடும்பத்தாரும் வரலாம் என்ற ஞாயிறன்று டைரியோடு போனேன். என் முறை வந்ததும் எழுந்து வாசித்தேன்: "மூன்றாம் தேதி, மாலை ஆறு பத்து. கண் சிவப்பு. சட்டைக் கை இறக்கிவிடப்பட்டிருந்தது."

ஆட்டோ ஓட்டும் பசவண்ணா கையை உயர்த்தினார். ஒரு காலத்தில் போதை ஊசி போட்டுக்கொண்டவர், தமிழ் கொஞ்சம் வரும். "ஸ்வாமி, அவன் கதெ அவனே சொல்வான். நீங்க உங்க கதெ ஹேளி."

"எனக்கென்ன கதை? காபியைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது."

"இந்த புஸ்தகம்? ஒருநாள் எழுதாம இருங்க, கை நடுங்குதா பாக்கலாம்!"

வட்டத்தில் தமிழ் புரிந்தவர்கள் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை.

"அண்ணா என் பையைக் கொட்டிப் பாக்கறாரு. அதுக்குப் பயந்து தெருமுனையில அரைமணி நிப்பேன். எதிர்லயே மருந்துக்கடை. போன வாரம் ரெண்டு தடவை படி ஏறிட்டேன். திரும்பி பசவண்ணாகிட்ட ஓடினேன். ஒண்ணும் கேக்காம ஆட்டோவுல உக்கார வச்சுக்கிட்டாரு."

அந்த இரண்டு நாளுக்கும் என் டைரியில், "தாமதம். பொய் சொல்கிறான்" என்று எழுதியிருந்தேன்.

குடும்பத்தாரை மறுபடி அழைத்த ஞாயிறு டைரி இல்லாமல் போனேன். அலுவலகக் காரியத்துக்கு எனக்குக் கன்னடம் போதும். இதற்கு வாய் வரவில்லை. "தம்பியை நம்பறதுக்கு எனக்குப் பயமாயிருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். வட்டத்தில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. இரண்டே வருடத்தில் என்னைவிட நன்றாகக் கன்னடம் பழகிவிட்ட சேகர் எழுந்து, என்னைப் பாராமல், அதை அவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னான். ஒரு சொல்லையாவது விழுங்குகிறானா என்று சரிபார்த்தபடி பக்கத்தில் நின்றேன். விழுங்கவில்லை.