பெட்டி எண்ணாத நடை

தன் ஷேர் ஆட்டோவைத் தானே சுற்றி வந்துகொண்டிருக்கிறார் மாசிலாமணி. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டிக்கு ஆள் நிரம்பவேண்டிய நேரம் இது. மற்ற டிரைவர்கள் டீ குடிப்பார்கள், போனைத் தடவுவார்கள். இவர் சாமி சுற்றுவதுபோல் வண்டியைச் சுற்றுவார். உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்ட பூக்காரம்மா தலையை நீட்டி, "இன்னாண்ணா தேடிக்கினுகீற? எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"தொலைக்கத்தாம்மா பாக்கறேன். தொலைய மாட்டுது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

உடம்பு லேசுப்பட்டதல்ல. டிரைவர் சீட்டு போதாமல், மிச்சத்தைக் கம்பிக்கு வெளியே விட்டுத்தான் வண்டி ஓட்டுவார். முப்பது வருஷமாக உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு. பக்கத்து வண்டி அப்பாதுரை, "மாசிலா, உன் வண்டியில நாலு பேர் ஏறுனாலே ஆறு பேர் வெயிட்டு. டயர் பாவம்டா" என்பான். அதற்கெல்லாம் அசைந்தவரில்லை. இப்போது நடக்கிறார் என்றால், அது மனைவி சவுரியம்மாளுக்காக. அவளுக்கு இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். என்னோடதுல ஒண்ண எடுத்துக்குங்க என்று இவர் போய் நின்றார். எல்லாம் பொருந்திவிட்டது. டாக்டர் மட்டும் இவரை ஏற இறங்கப் பார்த்து, "இந்த உடம்போட உங்கள டேபிள்ல ஏத்த முடியாது. இளைச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

திண்டிவனத்தில் வாக்கப்பட்டிருக்கும் மகள் இசைவாணி, கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து அடி எண்ணும் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் மாட்டி நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் நம்பர் ஏறும். பெல்ட்டில் மாட்ட வேண்டிய சாமான் அது. இவரோ காக்கிச் சட்டைக்குக் கீழே கைலி கட்டுகிற ஆள். கைலி நாளுக்குப் பத்து தரம் அவிழ்த்துக் கட்டுவது. அதில் மாட்டினால் பெட்டி ரோட்டில் விழுந்தது. அவிழாதது எது என்று யோசித்தார். அரைஞாண் கயிறு. தொப்பையின் அடிவாரத்தில் சதையை அறுத்துக்கொண்டு கிடந்த அந்தக் கறுப்புக் கயிற்றில் பெட்டியைக் கவ்வவிட்டார். ஆணி அடித்ததுபோல் நின்றது. வண்டி ஓட்டும்போது அதை அணைத்துவிடுவார், இறங்கியதும் எழுப்புவார். இல்லாவிட்டால் கோலியனூர் ரோட்டுக் குழியெல்லாம் இவர் கணக்கில் ஏறிவிடும்.

முதல் இரண்டு மாதம் பத்தாயிரம் அடிக்குக் குறையவில்லை. அப்புறம்தான் குழப்பம். அதே நடை, அதே சுற்று, நம்பர் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. தன் கால்மேலேயே சந்தேகப்பட்டார். எட்டி வைக்கிறோமா, குறுக்கி வைக்கிறோமா என்று காலைப் பார்த்தபடியே நடந்து, ஒரு தரம் கரும்பு ஜூஸ் வண்டியில் மோதினார். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கூடுதலாகப் போய் வந்தார். நம்பர் ஐயாயிரத்துக்கு வந்தது.

"அதிகமா நடந்தா கம்மியாவுது. அப்ப கம்மியா நடந்தா அதிகமாவுமா?" என்று அப்பாதுரையைக் கேட்டார்.

"பின்னாடி நடந்து பாரு."

அதையும் நடந்து பார்த்தார்.

சாயங்காலமானால் இசைவாணி போனில் நம்பர் கேட்பாள். "இன்னாப்பா, அஞ்சாயிரந்தானா?" என்பது கூடத்துக்கே கேட்கும். சவுரியம்மாள் இவருக்குக் கேப்பைக்கூழ் கரைத்துக்கொண்டே, "எங்க குந்திக்கினு பஜ்ஜி துன்ன?" என்பாள்.

"மாதா சத்தியமா இல்ல சவுரி."

"எனக்குத் தண்ணியே அளந்து குடுக்கறாங்க. உனக்கு வாயக் கட்ட முடியலியா?"

வரவர அந்தக் கேலியும் நின்றுபோனது. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "குடுக்க பயமாகீதுன்னா சொல்லிடுய்யா. நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன். நடக்கறேன் நடக்கறேன்னு நாள ஓட்டாத."

பிரேக் எது, கிளட்ச் எது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை மாசிலாமணிக்கு. நடக்கத்தானே செய்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் பெட்டி இல்லை என்கிறதே. படித்தவன் செய்த சாமான் பொய் சொல்லுமா? தான் நடந்தது அவருக்கே சந்தேகமாகிவிட்டது. வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவள் அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள் வந்தது. சவுரியம்மாள் கூடவே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றாள். மாசிலாமணி மெஷினில் ஏறினார். நர்ஸ் ரோஜா நம்பரைப் பார்த்தாள், பழைய சீட்டைப் பார்த்தாள். "இறங்கி இன்னொரு தரம் ஏறுங்க" என்றாள். ஏறினார்.

"பதினோரு கிலோ கொறஞ்சிருக்கீங்க. இன்னும் கொஞ்சந்தான். டாக்டர் ஒத்துக்குவாரு."

மாசிலாமணி சந்தோஷப்படவில்லை. "எப்படிம்மா? என் நடைதான் கொறஞ்சிப்போச்சே. பொட்டியும் கம்மின்னுது, மெஷினும் கம்மின்னுது. ரெண்டுல எது நல்ல கம்மி?"

"பொட்டியா? எங்க, காட்டுங்க."

சட்டையைத் தூக்கி, கைலி மடிப்பிலிருந்து கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. அதன் நுனியில் பெட்டி குப்புறத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. "அர்ணாக்கயிறு நஞ்சிப்போச்சும்மா. இழுத்துக்கினு வருது. வேற மாத்தணும்" என்றார்.

ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கயிறு நைஞ்சு போவலைங்க, நீங்கதான் இளைச்சுட்டீங்க. பொட்டி இடுப்போட ஒட்டி நின்னாத்தான் எண்ணும். இப்படி ஊஞ்சல் ஆடினா எப்படி எண்ணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணிக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. "அப்ப நான் நடந்தனா, நடக்கலியா?" என்று மனைவியையே கேட்டார்.

சவுரியம்மாள் அவர் சட்டையை விலக்கி, வயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு விரலை விட்டாள். போயிற்று. நாலு விரலையும் விட்டாள். போயிற்று. எதிர் பெஞ்சுச் சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"ஏய், ஆளுங்க பாக்கறாங்க" என்று மாசிலாமணி அவசரமாகச் சட்டையை இறக்கிவிட்டார். சட்டை அவள் கையையும் சேர்த்து மூடியது. அவள் கையை எடுக்கவில்லை.